கைதட்டத் தெரியாதவர்களோடு வருகிறேன்

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எதையும் ஆரம்பிப்பேன். இந்த முறை கேட்கவில்லை. சாப்பிட்டிருக்காவிட்டால் இதைப் படித்து முடித்துவிட்டுச் சாப்பிடு. போனில் சொல்ல வேண்டியதை ஊரே படிக்கிற மாதிரி இந்த அம்மா ஏன் மாத இதழில் எழுதுகிறாள் என்று முகம் சுளிப்பாய். நீ மட்டும் உன் போட்டியின் விதியை ஊரே படிக்கிற மாதிரிதானே முகநூலில் போட்டாய்? பள்ளிக்கூடத்தில் அறிவிப்பை எந்தப் பலகையில் ஒட்டுகிறோமோ, அதற்கான மறுப்பையும் அதே பலகையில்தான் ஒட்ட வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பிடித்த பிடி அது. உன் அப்பா இதை வாசித்துவிட்டு, "இம்புட்டுக் காரம் வேண்டாம், பிள்ளை தாங்க மாட்டான்" என்றார். "நம்ம ஊர்ப் பிள்ளை, தாங்குவான்" என்று சொல்லி, அவருடைய அச்சகத்திலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சென்னையில் பியானோ ஆசிரியர். நண்பர்களோடு சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிறாய். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக மேடையேறி மூன்று உருப்படிகளை வாசிக்க வேண்டும். பக்கவாத்தியம் கிடையாது, எதிரே புத்தகம் கிடையாது, பிள்ளையும் பியானோவும் மட்டும். இந்த வருஷம் வீடியோ அனுப்பிக் கடைசிச் சுற்றுக்குத் தேர்வான பிள்ளைகளில் ஒருத்தி விஸ்வநத்தம் மாரிச்செல்வி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா பேச்சியம்மாள் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்னிடம் டியூஷனுக்கு வந்த பிள்ளை, நீ சென்னைக்குப் போனதிலிருந்து மூடியே கிடந்த உன் பியானோவை ஒரு நாள் கேட்காமல் திறந்துவிட்டாள். உனக்கு முதன்முதலில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்த அதே சர்ச் சார்தான் இப்போது அவளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். அவள் போட்டிக்கு வரும்போது ஒரு வேன் நிறைய ஆட்கள் துணைக்கு வருகிறோம் என்று உனக்கு போன் செய்தேன். நீ சொன்னாய்: "அம்மா, ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர்தான் உள்ள விடுவோம். ரூல் போட்டாச்சு." ஹால் சின்னதா என்று கேட்டேன். இல்லையாம். போன வருஷம் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது என்று நீயே புலம்பியிருக்கிறாய். பிறகு என்னதான் காரணம் என்றேன். கொஞ்சம் தயங்கிச் சொன்னாய்: "அவங்களுக்கு எப்பக் கைதட்டணும்னு தெரியாதும்மா."

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனை பக்கம்.

உன் பக்கத்து நியாயத்தை மறைக்க மாட்டேன். போன வருஷம் ஒரு சிறுவன் மெதுவான பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் யாருடைய போனோ பக்திப் பாட்டோடு அலறியது என்றாய். ஒரு பெண் குழந்தை பாதியில் கையைத் தூக்கியதும் அவள் வீட்டார் எழுந்து நின்று கைதட்ட, அவள் அடுத்த பகுதி எங்கே ஆரம்பிக்கும் என்பதையே மறந்து மேடையில் அழுதாள் என்றாய். அந்தக் குழந்தையின் அழுகையை நீ எனக்குச் சொன்னபோது உன் குரலும் சரியில்லை. நல்ல ஆசிரியனுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தம்பி, வகுப்பில் ஒரு பிள்ளை மையைக் கொட்டிவிட்டது என்பதற்காக எல்லோருடைய பேனாவையும் பிடுங்கி வைக்கிற வாத்தியாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பில் அதன்பிறகு மை கொட்டவில்லை. எழுத்தும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி தன் மகள் பரிசு வாங்குகிற நேரத்தில் நேராக மேடையேறிவிட்டார். மடியில் கட்டிக்கொண்டு வந்த வேர்க்கடலையைத் தலைமையாசிரியை கையில் கொடுத்து, "நம்ம காட்டுல வெளஞ்சது தாயி, மானம் பாத்த பூமி, இந்த வருசம்தான் கொஞ்சம் கண்ணத் தொறந்துச்சு" என்றார். கூட்டம் சிரித்தது. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் முகம் சுண்டிப்போனார். அடுத்த வருஷம் மேடைக்கு முன்னால் கயிறு கட்டினோம். யாரும் கயிற்றைத் தாண்டவில்லை. ஏனென்றால் கிராமத்துத் தகப்பன்மார் யாரும் வரவே இல்லை. கயிறு அவர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது என்பதை ஊர் ஊராக அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இந்த மாதிரி விஷயங்கள் அவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். நாம்தான் அவர்களுக்கு எதுவும் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பா பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற வேலையாக எங்கோ போனவர், கொடைக்கானலில் யாரோ கழித்துக் கட்டிய பியானோவை வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு வாங்கினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. "மரம் நல்லா இருந்துச்சு" என்பார். பட்டாசு லோடு ஏற்றுகிற வண்டியில்தான் அது வந்து இறங்கியது. இறக்க வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "அக்கா, இதை இடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். "பாடும்" என்றேன். வெடிமருந்துப் பெட்டி தூக்கிப் பழகிய கைகள் அல்லவா, இழுக்காமல், உரசாமல், பூப்போல இறக்கி வைத்தார்கள். சுருதி சேர்க்க மதுரையிலிருந்து வந்தவர், "உங்க ஊரு வறட்சிக்கு மரம் விட்டுப்போகும், உள்ள ஒரு கிண்ணத்துல தண்ணி வைங்க" என்றார். நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிற உன் பெரியப்பா அதைப் பார்த்துப் பதறிப்போனார். "சரக்குக்குள்ள தண்ணியா? என்ன டீச்சரம்மா, படிச்சவக நீங்களே இப்படிப் பண்ணலாமா?" ஈரம் பட்டால் எல்லாம் கெட்டது என்று பழகிய மனிதர். அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் வந்து, "தண்ணி இருக்கா, வத்திருச்சா?" என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார். உனக்கு எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நம் ஊரில் பியானோ வாசிக்கிற பையன் என்றால் என்ன பேச்சு வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பொட்டி தட்டுறவன்" என்றார்கள். "கம்பெனிய யாரு பாப்பாக, பொட்டியா பாக்கும்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் கேட்டபோது உன் பெரியப்பா இலையிலிருந்து நிமிராமலே சொன்னார்: "கம்பெனிய நான் பாத்துக்கிடுதேன். நீரு சாம்பாரைப் பாரும்." உனக்குச் சென்னைப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது அதை முதலில் ஊருக்குச் சொன்னதும் அவர்தான். சரியாகச் சொன்னால், அவர்தான் வேன் பிடித்தார். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று அத்தனை பேரும், புளியோதரை அண்டாவோடு வந்தோம். அதே மாதிரிப் போட்டிதான். மூன்று உருப்படி, தனியாக மேடை. நீ பத்தாம் வகுப்பு. தைத்துப் போட்ட கால்சட்டை கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு நடந்ததைச் சிரிப்புக் கதையாகத்தான் நம் வீட்டில் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறோம். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். நம் ஊரில் நல்ல காரியம் எதுவும் வெடி இல்லாமல் நடக்காது. பெண் பார்த்தால் வெடி, பிள்ளை பாஸானால் வெடி. அதிலும் வெடி போடுகிற வீட்டுப் பிள்ளை சென்னையில் மேடையேறும்போது வெறுங்கையோடு போவதாவது? பெரியப்பா வேனுக்குப் பின்னால் ஒரு சரத்தைச் சுருட்டி வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அப்படி ஆட்களோடு ஏற்றக்கூடாது என்பது அவருக்கே தெரியும், ஆனாலும் கொண்டுவந்தார். நீ வாசித்து முடித்ததும் ஹாலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் வெடிப்பதாக ஏற்பாடு. பெரியப்பா வெளியே சரத்தோடு நின்றார். சித்தப்பா ஹால் வாசலில் துண்டோடு நின்றார். நாரணாபுரத்தில் புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கும்போது அவர்கள் வழக்கம் அதுதான். எல்லோரும் விலகி நிற்பார்கள், பேச்சு நிற்கும், முழு அமைதி வந்ததும் ஒருவர் துண்டை வீசுவார், அதன்பிறகுதான் திரியில் நெருப்பு. அமைதி வந்தால் பற்ற வைக்கலாம் என்று அர்த்தம். ஆயுசு முழுக்க அவர்கள் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

உன் இரண்டாவது உருப்படியில் மூன்று பகுதிகள். முதல் பகுதி வேகமானது. அதை முடித்து நீ கைகளைத் தூக்கி மடியில் வைத்தாய். ஹாலில் முழு அமைதி. ஒருவர் இருமவில்லை. சித்தப்பா துண்டை வீசிவிட்டார்.

சரம் வெடிக்க ஆரம்பித்ததும் அந்த ஹால் பட்ட பாட்டை நான் இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். முன்வரிசை நாற்காலிக்கடியில் குனிந்தது. நடுவர் ஒருவர் எழுந்தேவிட்டார். பின்னாலிருந்து யாரோ கதவைப் பார்த்து ஓடினார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தது நீ ஒருவன்தான். நீ தைரியசாலி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் எது என்று காது பழகிவிடுகிறது. பகலில் ஒரு சத்தம் கேட்டால், அது சீசனுக்குக் கொளுத்திப் பார்க்கிற சத்தமா, கல்யாண வெடியா, இல்லை மற்றதா என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். மற்றதாக இருந்தால் தெருவே வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்க்கும். யார் வீட்டு ஆள் எந்த ஆலையில் என்று மனம் ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த உனக்கு, இது சந்தோஷ வெடி என்று தெரிந்துவிட்டது. யார் வெடி என்றும் தெரிந்திருக்கும். உன் உதட்டோரம் லேசாக விரிந்ததை நான் பார்த்தேன்.

சரம் ஓய்ந்தது. ஹாலில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். நடுவர் உட்கார்ந்து, தொடரலாம் என்று உனக்குக் கைகாட்டினார். நீ தொடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தாய். ஹாலில் இருந்தவர்கள், பிள்ளை பயந்துவிட்டான், மறந்துவிட்டான் என்று நினைத்தார்கள். எனக்கும் அத்தைமாருக்கும்தான் தெரியும். சரம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில், சிதறி விழுந்த ஒன்று தனியாக வெடிக்கும். அது வெடிக்காமல் நம் ஊரில் யாரும் கிட்டே போக மாட்டார்கள். "டொப்" என்று ஒன்று கேட்டது. நீ இன்னும் காத்திருந்தாய். இன்னொரு "டொப்". அதற்குப் பிறகு வந்த அமைதியில், அது முன்பு இருந்ததைவிட ஆழமான அமைதி, நீ மெதுவான பகுதியைத் தொட்டாய். அந்த முதல் சுரம் போல ஒரு சுரத்தை அதன்பிறகு நான் உன்னிடம் கேட்டதில்லை. பெரிய ஹால்களில், பெரிய பியானோக்களில், நீ எவ்வளவோ சுத்தமாக வாசித்துவிட்டாய். ஆனால் அதைப் போலக் கேட்டதில்லை.

மூன்று உருப்படியும் முடிந்த பிறகு போட்டியை நடத்திய அம்மையார் நம் இருவரையும் பக்கத்து அறைக்கு அழைத்தார். கெட்டவர் இல்லை, உனக்கு உதவத்தான் பார்த்தார். "வெடி போட்டவங்க உங்க ஆளுங்களா? வெளியாளுங்க யாரோன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், பையன் மார்க்கை நாங்க கணக்குல எடுத்துக்குவோம். நல்லா வாசிச்சிருக்கான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "எங்க பெரியப்பா மேடம். எனக்காகத்தான் வெடிச்சாங்க." நீ முந்திக்கொள்ளாவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. உன் பெயரை எடுத்துவிட்டார்கள். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் வாசித்தது.

திரும்பி வருகிற வேனில் புளியோதரையை யாரும் தொடவில்லை. பெரியப்பா முன் சீட்டில் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் அசைவதைப் பார்த்துவிட்டு அத்தைமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் நீ பின்னால் இருந்து எழுந்து போய், அவர் சீட்டின் மேல் கையை ஊன்றிக் குனிந்தாய்.

"பெரியப்பா."

அவர் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கடைசி ரெண்டும் லேட்டா வெடிச்சுச்சு பெரியப்பா. திரி சரியில்ல."

துண்டு விலகியது. "ஏலே, எவன் திரியைலே சொல்ற? நாரணாபுரத்துல வந்து கேட்டுப் பாருலே என் திரிய! அம்புட்டுப் பயலும் என் திரியப் பாத்துத்தாம்லே தொழில் கத்துக்கிட்டான்!" என்று அவர் கத்த ஆரம்பிக்க, வேன் முழுக்கச் சிரிப்பு. அண்டாவைத் திறந்தார்கள். ஊர் வந்து சேரும் வரை திரியைப் பற்றித்தான் சண்டை. அந்த வயதில், பரிசு போன அந்த நாளிலேயே, ஒரு பெரிய மனிதரின் தலையிலிருந்து துண்டை எப்படி எடுப்பது என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. எந்தப் பாடத்திலும் இல்லை.

அந்தப் பிள்ளைதான் இப்போது வாசலில் ஆள் போட்டு இரண்டு பேருக்கு மேல் விடாதே என்கிறான்.

கோபப்படாதே. நீ மோசமாகிவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் நம் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் சிரித்திருப்பார்கள், உன் போட்டியில் ஒரு தவறு நடந்தால் உன் ஊரைச் சொல்லி எத்தனை பேர் பேசுவார்கள், இதெல்லாம் எனக்குப் புரிகிறது. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் சரியான இடத்தில் கைதட்டுகிறவர்கள். அவர்களும் ஒரு நாள் தப்பாகத் தட்டித்தான் கற்றிருப்பார்கள். அதை யாரும் பார்க்காதபடி அவர்கள் வீட்டிலேயே கற்றிருப்பார்கள், அவ்வளவுதான். இசை யாருக்குத் தெரியுமோ அவர்களுக்கு மட்டும் என்றால், தெரியாதவர்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? கணக்கு வராத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, கணக்கு வந்ததும் உள்ளே வா என்று நான் சொல்லியிருந்தால் நீ என்னை ஆசிரியை என்று ஒத்துக்கொள்வாயா?

அதனால் நான் என் வேலையைச் செய்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, வேனில் வரப்போகிற அத்தனை பேரையும் நம் முன்னறையில் உட்கார வைத்து, மாரிச்செல்வியை வாசிக்கச் சொன்னேன். பேச்சியம்மாளோடு வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "மொத்தம் மூணு பாட்டு. ரெண்டாவது பாட்டுக்குள்ள மூணு துண்டு இருக்கு. நடுவுல நடுவுல கையை எடுப்பா. அப்பத் தட்டக்கூடாது" என்று பாடம் ஆரம்பித்தேன். அவர்களில் வாய் அதிகமான சண்முகத்தாய் கேட்டாள்: "கையை எடுத்துட்டா முடிஞ்சு போச்சுன்னுதான டீச்சர்?"

"நீ சாப்பிடும்போது நடுவுல கையை எடுத்துத் தண்ணி குடிக்கிறயே, சாப்பாடு முடிஞ்சு போச்சா?"

"எனக்கு முடியாது. எங்க வீட்டுக்காரருக்கு முடிஞ்சிரும். தண்ணியக் குடிச்சிட்டு, குழம்பு நல்லால்லன்னு எந்திரிச்சுப் போயிருவாக."

சிரித்து ஓய்ந்த பிறகு, "அப்ப எப்பத்தான் தட்ட?" என்றாள் பேச்சியம்மாள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. தான் தப்பாகத் தட்டிப் பிள்ளையின் பரிசு போய்விடுமோ என்ற பயம். "எந்திரிச்சு நின்னு கும்பிடுவா பாரு, அப்பத் தட்டு. கை வலிக்கத் தட்டு" என்றேன். முதல் தடவை வாசித்தபோது நடுவில் மூன்று இடத்தில் தட்டினார்கள். அடுத்த தடவை ஓர் இடத்தில். அதற்கடுத்த தடவை ஒருவரும் தட்டவில்லை. சண்முகத்தாய் மட்டும் கோணலாக உட்கார்ந்திருந்தாள். என்ன என்று பார்த்தால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி, மேலே உட்கார்ந்திருக்கிறாள். "கை தன்னால வருது டீச்சர், நான் என்ன செய்ய? அதான் மேல ஏறி உக்காந்துட்டேன்." மாரிச்செல்வி பியானோவிலிருந்து திரும்பி, "தட்டுனாலும் பரவால்ல அத்தை. நான் காத்திருந்து வாசிச்சுக்கிடுவேன்" என்றாள். அவளுக்கு உன் கதை தெரியாது. நான் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எழுதியே ஆக வேண்டும் என்று ஆனது அதற்கு மறுநாள். பெரியப்பாவை அழைக்க நாரணாபுரம் போனேன். அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் உன் கச்சேரி எதற்கும் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். சீசன் நேரம், ஆர்டர் நெருக்குது, முழங்கால் வலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். நீயும் வற்புறுத்தவில்லை. இந்தத் தடவை நான் விடுவதாக இல்லை. "அத்தான், வேன் கிளம்புது. முன் சீட்டு உங்களுக்கு" என்றேன். கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் எதுக்கு டீச்சரம்மா? அங்கன ரூலு போட்டிருக்கான்ல. பேத்தி போன்ல காமிச்சா. ரெண்டு பேருதான்னு. அது எனக்குப் போட்ட ரூலு. எனக்குத் தெரியாதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நியாயம்தான் என்கிற மாதிரி சொன்னார். இத்தனை வருஷமும் அந்தத் துண்டு அவர் தலையிலேயே இருந்திருக்கிறது. நீ ஒரு தடவை எடுத்தாய். பிறகு யாரும் கவனிக்காதபோது அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ அவரை நினைத்து இந்த விதியைப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விதியைப் போட்டவன் யாரை நினைத்தான் என்பது முக்கியமில்லை, தம்பி. அதைப் படித்துவிட்டு யார் தானாகவே பின்னால் நகர்ந்து நின்றார் என்பதைப் பார்.

ஆகவே சொல்கிறேன். இது அனுமதி கேட்கிற கடிதம் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு பெண்கள் வேனில் ஏறுவார்கள். யாரையும் குறைக்கப்போவதில்லை. போனை எல்லோரும் அணைத்துவிடுவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தட்டக்கூடாத இடத்தில் யாராவது தட்டிவிட்டால், தட்டட்டும். உன் பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடு. சத்தமே வராத ஹாலில் மட்டும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை பாவம், அது எங்கே போய் வாசிக்கும்? மாரிச்செல்விக்குப் பரிசு கிடைக்கிறதா இல்லையா என்பது உன் நடுவர்கள் பாடு. அதில் நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நம் பியானோவில் பழகியவள் என்பதற்காக அவளுக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போட்டாலும் உன்னை விட மாட்டேன்.

பெரியப்பா வருகிறார். சம்மதிக்க வைக்க இரண்டு டம்ளர் மோர் குடிக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "வெடி கிடி எதுவும் எடுக்க மாட்டேன், பயப்படாதீக. சோதிக்கணும்னாச் சோதிச்சுக்கிடச் சொல்லுங்க" என்றார். நான் ஆட்டோவில் ஏறிய பிறகு மறுபடியும் கூப்பிட்டார். "டீச்சரம்மா, அவன்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. அந்தத் திரி நல்ல திரி. மெட்ராசு ஈரக்காத்துல நமுத்துப் போச்சு. அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டேன்.

போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் உன் ஹாலுக்கு முன்னால் வந்து நிற்கும். வாசலில் வாட்ச்மேனை நிறுத்தாதே, நீயே நில். இரண்டு பேர்தான் என்றால், இறங்கி வருகிற எங்கள் முகங்களைப் பார்த்து அந்த இரண்டு பேர் யார் என்று நீயே சொல். பெரியப்பா முன் சீட்டில் வருவதால், முதலில் இறங்குவது அவராகத்தான் இருக்கும்.

அம்மா